அளவறிந்து ஓடுதல்

நெடுந்தொலைவு ஓடுதற்குக் கால்களின் வலிமை மட்டும் போதாது. காலமும் இடமும் அறியும் அறிவும் வேண்டும்.

1904ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டுச் செயிண்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம் நடைபெற்றது. ஆகஸ்டுத் திங்களின் கடுவெயிலில், பிற்பகலில் அது தொடங்கிற்று. வழியோ மேடும் பள்ளமும் புழுதியும் நிறைந்தது, குடிநீரோ அரிது. ஓடத் தொடங்கியவர் 32 பேர். எல்லையை எட்டியவர் 14 பேரே. வெற்றி பெற்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டும் பெற்றிலர். ஊக்கமூட்டுதற்கென எட்டிக்கொட்டையின் நஞ்சும் மதுவும் ஊட்டப்பெற்று, தள்ளாடியே வந்து சேர்ந்தார். இத்தகைய வெற்றியால் யாது பயன்?

மேட்டில் ஏறி ஓடுங்கால் உடலில் வெப்பம் மிகும். வியர்வை உலர்ந்தால் அவ்வெப்பம் தணியும். காற்றில் ஈரம் மிகுந்துழி வியர்வை எளிதில் உலராது. வெப்பம் உள்ளே தங்கி, மயக்கமும் சிலபோது இறப்பும் விளைக்கும். இதனை உணர்ந்தே, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் வடக்கேயுள்ள சப்போரோ நகரில் நடத்தப்பெற்றது. அங்கும் வெயில் மிகவே, மகளிர் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்கினர்.

துன்பம் பொறுத்தலே வீரம் என்பார் உளர். பொறுத்தற்குரியதும் விலக்கற்குரியதும் பகுத்தறிவதே வீரத்திற்கு அழகு. தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் ஓடிப் பழகும் இளைஞரும் இதனை உளங்கொளல் நன்று. குற்றாலமலை அருகில் இருப்பினும் சித்திரை வெயில் சித்திரை வெயிலே. ஆதலின் கதிரவன் எழுமுன் ஓடுக. வெப்பத்திற்கு உடலைச் சிறிது சிறிதாகப் பழக்குக. தலை சுற்றின் நாணாது நிற்க. ஓட்டம் நடத்துவோர் நீரும் நிழலும் மருத்துவரும் அமைத்தல் கடமை. பரிசு மறுமுறையும் கிட்டும். உயிர் மறுமுறை கிட்டாது.