பாம்புன்னாலே கம்பைத் தேடணுமா?

அபார்ட்மென்ட்டில் வளர்ந்தவர்கள் கிராமத்துக்குக் குடிபோனால், முதல் மழையிலேயே வாசலில் பாம்பைப் பார்த்துவிடுவார்கள். கை உடனே கம்பைத் தேடும். பல நேரம் அடிபட்டுச் சாவது சாரைதான். விஷம் கிடையாது, வயலில் எலி பிடிக்கும், ஆளைக் கண்டால் ஓடப் பார்க்கும்.

பயப்படுவதில் தப்பில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. ஆனால் முக்கியமாகப் பயப்பட வேண்டியது நாலு பாம்புக்குத்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

சென்னையை அடுத்த வடநெம்மேலிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் அங்கே இந்த நாலு பாம்பிடமும் விஷம் எடுக்கிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது. அவர்களிடம் பதற்றம் இல்லை, அலட்சியமும் இல்லை. பயம் தெளிவதென்றால் இதுதான். வெறுங்கையால் பிடித்து ரீல்ஸ் போடுவது வேற வியாதி!

எந்தப் பாம்புன்னு தெரியலையா? தள்ளி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்க. ராத்திரி வரப்பில் டார்ச் இல்லாம நடக்காதீங்க. கடித்துவிட்டால் மந்திரிக்கப் போகாமல் நேரா அரசு மருத்துவமனைக்குப் போங்க.