சந்தா கட்டிக் கேட்கும் வானொலி: சப்ரகமுவத் தோட்டங்களுக்கு அது தேவைதானா?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் லயன் கூரைகளைப் பார்த்தால் தகரத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது டிஷ் அன்ரனாக்கள்தான். மாதாமாதம் காசு கட்டித் தொலைக்காட்சி பார்ப்பதும் கைபேசிக்கு டேட்டா போடுவதும் தோட்டங்களில் இன்று புதிய செலவுகள் அல்ல. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் நிறுவனம் இலங்கையில் சேவையைத் தொடங்கிய பிறகு, கைபேசிக் கோபுரம் இல்லாத மலைச்சரிவுக்கும் வானத்திலிருந்து நேரடியாகச் செய்தியும் பாட்டும் வந்து சேரும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டது.

நாட் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம் செயற்கைக்கோள் வழியாக வரும் ஒலிக்குச் சந்தா கட்டுவது பிரயோசனமானதா? இந்தக் கேள்வி நமது பிராந்தியத்தில் முன்பே ஒரு தடவை எழுந்தது. அதற்குக் கிடைத்த பதிலை நாம் மறந்துவிட்டோம்.

வேர்ல்ட்ஸ்பேஸின் கதை

எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990இல் அமெரிக்காவில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பத்திரிகையும் தொலைபேசியும் எட்டாத ஆபிரிக்க, ஆசியக் கிராமங்களுக்கு வானொலி வழியாகத் தகவலைக் கொண்டு செல்வதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. 1998இல் அஃப்ரிஸ்டார், 2000 மார்ச்சில் ஏசியாஸ்டார் என இரண்டு செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. ஏசியாஸ்டாரின் ஒலி இந்தியா, இலங்கை முழுவதற்கும் கிடைத்தது.

கேட்பதற்குத் தனி ரேடியோப் பெட்டியும் உள்ளங்கை அளவான சிறிய அன்ரனாவும் தேவைப்பட்டன. தமிழுக்கு கே.எல். ரேடியோ என்ற அலைவரிசையும் கர்நாடக இசைக்கு ஸ்ருதி என்ற அலைவரிசையும் இருந்தன. ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரத் தூதுவரானார். விளம்பரம் இடையில் புகாத, இரைச்சல் இல்லாத தமிழ்ப் பாட்டை இரவு பகலாகக் கேட்ட அந்த நாட்களைச் சென்னையில் பலர் இன்றும் ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

ஆனால் நிறுவனம் வங்குரோத்தாகிய காலத்தில் உலகம் முழுவதிலும் சந்தாதாரர் தொகை ஏறத்தாழ 1,70,000 அளவிலேயே இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். இரண்டு செயற்கைக்கோள்களின் செலவை அந்த வருமானம் தாங்கவில்லை. 2008 ஒக்டோபரில் நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. 2009 டிசம்பர் 31ஆம் திகதியோடு இந்தியச் சேவை நின்றது. சந்தாவை முன்கூட்டியே கட்டியிருந்தவர்களின் வீடுகளில் அந்தப் பெட்டி மட்டும் மிஞ்சியது. வேறு எந்த நிறுவனத்தின் செயற்கைக்கோள் ஒலியையும் அதனால் வாங்க முடியாது.

அமெரிக்காவில் இதே தொழில் நிலைத்திருக்கிறது. சிரியஸ் எக்ஸ்எம் நிறுவனத்துக்கு 3 கோடிக்கும் அதிகமான சந்தாதாரர்கள் உள்ளனர். அங்கே வானொலி காருக்குள் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் செல்பவருக்கு அலைவரிசை மாறாமல் ஒரே நிகழ்ச்சி வேண்டும். புதுக் கார் வாங்கும்போதே கருவியும் அதனுள் வந்துவிடுகிறது. கிராமத்து ஏழைக்கென்று சொல்லித் தொடங்கியது மூடப்பட்டது. காரில் போகிறவருக்கென்று தொடங்கியது நிலைத்தது. சந்தா கட்டக்கூடியவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் இந்தச் சேவையும் தங்கும்.

ஒரு மாதச் சந்தாவுக்கு எத்தனை பேர்?

2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதனுடன் வருகைக் கொடுப்பனவாக அரசு 200 ரூபா தருகிறது. ஆக மொத்தம் 1,750 ரூபா. ஸ்டார்லிங்க் இங்கே அறிமுகமானபோது கருவியின் விலை 1,18,000 ரூபா. மிகக் குறைந்த வீட்டுக் கட்டணம் மாதம் 12,000 ரூபா. கருவிக்கு மட்டும் 67 நாள் உழைப்பு வேண்டும். பிறகு ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ 7 நாள் உழைப்பு அதற்கே போய்விடும்.

இது முழுப்பேர் விழும் நாட்களுக்கான கணக்கு. சப்ரகமுவ தேயிலையோடு இறப்பரும் உள்ள பிரதேசம். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. தென்மேல் பருவமழை தொடங்கும் மே, ஜூன் மாதங்களில் தெரணியகலை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கங்களில் வேலை கிடைக்காத நாட்கள் கூடும். அரைப்பேரோடு திரும்பும் நாட்களும் உண்டு. மாதச் சந்தா மட்டும் மழையைப் பார்த்துக் குறைவதில்லை.

பாட்டுக்கும் செய்திக்கும் இந்தச் செலவு தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதே நேரான பதில். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தென்றலும் தனியாரின் சூரியன், சக்தி முதலான தமிழ் எப்.எம். அலைவரிசைகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. மலை மறைக்கும் லயன்களில் ஒலி தெளிவாக வராது என்பது உண்மைதான். அதற்கு நியாயமான தீர்வு அந்த மலைக்கு ஒரு மறுஒலிபரப்பி போடுவது. வீட்டுக்கு வீடு டிஷ் போடச் சொல்வது அல்ல.

வானொலியின் அருமை தெரிந்தவர்கள்

வானொலியைப் பொழுதுபோக்குச் சாமானாக மட்டும் எண்ண வடக்கு, கிழக்கு வாசகர்களால் முடியாது. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டோம். எங்கே ஷெல் விழுந்தது, எந்தப் பாதை மூடப்பட்டது என்று அறிவது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமாக இருந்தது. அந்தத் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது.

அப்படிக் கேட்டவர்களுள் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். 1977இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்கள் தாக்கப்பட்டபோதும், 1983இலும் லயன்களை விட்டுவிட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து குடியேறிய குடும்பங்கள் 2009 வரை வன்னியின் எல்லா இடப்பெயர்வுகளையும் கடந்தன. அவர்களின் உறவினர்கள் இன்றும் காவத்தையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் இருக்கிறார்கள். அங்கே ஷெல் விழவில்லை. ஆனால் ஓர் இரவில் மண் இறங்குகிறது. தகவல் நேரத்துக்கு வருவது அவர்களுக்கும் உயிர் விடயம்தான்.

மழை இரவில் எது வேலை செய்யும்?

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே நாட்களில் அதே மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் குடியிருப்பும் மண்ணுக்குள் போனது. 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியைத் தாக்கின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோரைக் கொன்றது; கேகாலையும் அதற்குத் தப்பவில்லை. அந்த நாட்களில் மலைநாட்டின் பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் ஒருசேர அறுந்தன. தமிழில் எச்சரிக்கை பிந்தி வந்தது, சில வேளை வரவே இல்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

கூரையிலுள்ள தொலைக்காட்சி டிஷ் இத்தகைய இரவில் உதவாது. அது பிடிக்கும் அலை கடும் மழையில் வலுவிழக்கும். மின்சாரம் போனால் பெட்டியும் நின்றுவிடும். ஸ்டார்லிங்குக்கும் மின்சாரம் வேண்டும்; பெருமழை அதையும் தடுமாறச் செய்யும். கைபேசியோ கோபுரத்தை நம்பியிருப்பது.

வேர்ல்ட்ஸ்பேஸ் இந்த இடத்தில் வித்தியாசமானது. அது பயன்படுத்திய எல் அலைப்பட்டை மழைக்கு அவ்வளவாகப் பாதிக்கப்படாதது. இலங்கையிலிருந்து பார்த்தால் ஏசியாஸ்டார் கிழக்கு வானில் சுமார் 60 பாகை உயரத்தில் நின்றது. ஆகவே பெரும்பாலான பள்ளத்தாக்குகளை மலை மறைத்திருக்காது. பெட்டியும் பற்றரியில் ஓடக்கூடியது. 2004 சுனாமிக்குப் பிறகு லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சர்வோதயமும் சேர்ந்து கரையோரத்தின் 32 கிராமங்களில் எச்சரிக்கைக் கருவிகளைப் பரீட்சித்தபோது, கைபேசி முதலான கருவிகளோடு வேர்ல்ட்ஸ்பேஸ் வானொலியையும் வைத்துப் பார்த்தன. குறிப்பிட்ட ஓர் ஊரின் பெட்டிக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பும் வசதி அதில் இருந்தது.

கம்பனி வங்குரோத்தானதும் அந்தச் சாத்தியமும் அதோடு போய்விட்டது. பாட்டுக்கான வானொலி நின்றால் வேறொன்றைக் கேட்கலாம். உயிர்காக்கும் எச்சரிக்கையைத் தனியார் சந்தா வியாபாரத்தில் தொங்கவிட்டால், வியாபாரம் விழும் அன்று எச்சரிக்கையும் விழும். வேர்ல்ட்ஸ்பேஸின் கதையில் தோட்ட மக்களுக்கு உரிய பாடம் இதுவே.

அலுவலகத்தில் இருக்கும் எண்

எச்சரிக்கைக்கு வேண்டிய தகவல் இல்லாமல் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்கு எளிய அளவுகோல் ஒன்றைச் சொல்லிவருகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும்.

மழையை அளந்து எழுதிவைப்பது தோட்ட நிர்வாகங்களின் பழைய வழக்கம். பறிப்பையும் பால்வெட்டையும் திட்டமிட அந்த அளவு கம்பனிக்குத் தேவை. அதே எண் லயனிலுள்ளவரின் உயிருக்கும் தேவை. ஆனால் கொழும்பிலிருந்து வரும் எச்சரிக்கை மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் என்று இறங்கி, பல இடங்களில் தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடப்பதால், வரும் அறிவித்தலும் பெரும்பாலும் சிங்களத்திலேயே இருக்கும்.

சொல்லியும் பலனில்லாமற் போனதற்கு ஊவாவில் ஒரு சாட்சி இருக்கிறது. பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மாற்று நிலம் கொடுக்கப்படவில்லை; மக்கள் அங்கேயே இருந்தார்கள். போவதற்கு இடம் இல்லாதவருக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? மலையகத் தமிழரின் காணி உரிமைக் கோரிக்கை இந்த விடயத்திலிருந்து பிரிக்க முடியாதது.

யார் கட்ட வேண்டிய சந்தா?

ஆகவே குடும்பங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பாட்டுக்காகவோ செய்திக்காகவோ செயற்கைக்கோள் சந்தா கட்ட வேண்டாம். பற்றரியில் ஓடும் சிறிய எப்.எம். ரேடியோ ஒன்றும் ஒரு சோடி மேலதிகப் பற்றரியும் வீட்டில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துங்கள். நேற்றிரவு எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று காலையில் பிரட்டுக் களத்தில் கேளுங்கள். கேட்பது தொழிலாளியின் உரிமை.

செயற்கைக்கோள் தொடர்பு முற்றாக வேண்டாம் என்பதல்ல நமது வாதம். கோபுரம் விழுந்த இரவில் அதற்கு மாற்று இல்லாத இடங்கள் இருக்கின்றன. ஆனால் அது வீட்டுக்கு ஒன்று அல்ல, டிவிசனுக்கு ஒன்று. சூரிய சக்தியில் சார்ஜ் ஆகும் ஒரு செயற்கைக்கோள் கருவியைப் பிள்ளை மடுவத்திலோ கோயிலிலோ வைக்கலாம். பற்றரியில் ஓடும் ஒலிபெருக்கி ஒன்றும் தமிழில் வரும் அறிவித்தலை வாசித்துச் சொல்லப் பொறுப்பேற்ற இரண்டு பேரும் போதும். ஒரு டிவிசனின் எல்லாக் குடும்பங்களுக்குமாகச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் செலவு பெரியதல்ல. அதை அரசும் பெருந்தோட்டக் கம்பனிகளும் ஏற்க வேண்டும். தொழிலாளியின் சம்பளத்தில் இன்னொரு பிடித்தமாக அது வந்துவிடக் கூடாது.

13ஆவது திருத்தத்தின் மூலம் 1987இல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியானது. வெளியேறு என்ற அறிவித்தலைத் தன் மொழியில், மண் இறங்குவதற்கு முன் கேட்பது அந்த உரிமைக்குள் அடங்கியது. அதற்கு ஒரு தோட்டத் தொழிலாளி மாதச் சந்தா கட்டத் தேவையில்லை. அடுத்த மே மாத மழை தொடங்குவதற்கு முன், தங்கள் டிவிசனுக்கு அந்த அறிவித்தல் எந்த வழியாக வரும், யார் அதைத் தமிழில் சொல்வார்கள் என்று தொழிற்சங்கங்கள் ஒவ்வொரு தோட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் கேட்க வேண்டும்.