குறுநகமும் கோலம் கொள்ளும்

முகத்தை அலங்கரிப்பதற்குக் கண்ணாடியின் முன் நெடுநேரம் நிற்போருட் பலர், தம் கைகளைப் பற்றி ஒரு கணமேனும் எண்ணுவதில்லை. முகத்தைக் காண நமக்குக் கண்ணாடி வேண்டும். கைகளோ, விழித்தெழுந்தது முதல் உறங்கப் போகும் வரை நம் கண்முன்னேயே இயங்குவன. நம்மிடமிருந்து புத்தகத்தை வாங்குபவரும், தேநீர்க் கிண்ணத்தைப் பெறுபவரும் முதலிற் காண்பது நம் விரல் நுனிகளையே. ஆதலால், கையின் அழகை வீண் ஆடம்பரமென்று ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

ஆயினும், நகத்தின் அழகு என்றவுடன் நீண்டு வளர்ந்த நகமே நம் பெண்களின் நினைவுக்கு வருகின்றது. சஞ்சிகைப் படங்களிலும் கைத்தொலைபேசித் திரையிலும் அவர்கள் காண்பனவெல்லாம் வேல்முனை போற் கூராக்கிய நகங்கள். அவற்றைப் பார்த்தபின் தம் கைகளை நோக்கும் மாணவியர் மனஞ் சோர்கின்றனர். அப்பியாசக் கொப்பியை நீட்டும்போது விரல்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் காண்கின்றோம். "உந்தக் கட்டை நகத்துக்கு என்னத்தைப் பூசப்போறாய், பிள்ளை?" என்று தாய்மாரே கேலி செய்வதும் உண்டு.

நகம் குறுகியிருப்பது ஒரு குறையா? நம் சமூகத்திற் குறுநகம் யாருக்கு உண்டு என்று எண்ணிப் பார்ப்போம். நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கும் தாதிக்கு உண்டு. வயலின் தந்தியை அழுத்தும் இசை மாணவிக்கு உண்டு. தட்டெழுதுபவருக்கும், பன்ன வேலை செய்பவருக்கும், தையற்காரிக்கும் உண்டு. குழந்தையை நீராட்டும் தாய்க்கும், தேங்காய் துருவிச் சமைக்கும் பாட்டிக்கும், மலைநாட்டிற் கொழுந்து பறித்துப் பறித்து விரலிற் கறையேறிய தாய்மாருக்கும் உண்டு. உழைக்கும் கையின் அடையாளமே குறுநகம் எனலாம். அத்தகைய கைக்கு அழகுபெற உரிமையில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

சுகாதாரமும் குறுநகத்தின் பக்கமே நிற்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட கைச் சுத்தம் பற்றிய வழிகாட்டி, நோயாளரைப் பராமரிப்போர் தம் நகநுனியை அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிடலாகாது என்றும், செயற்கை நகம் அணியலாகாது என்றும் கூறுகின்றது. நகத்தின் அடியிற் கிருமிகள் தங்குவதே காரணம். கையால் உணவு பிசைந்து உண்ணும் நமக்கு இதனை வேறொருவர் விளக்கவேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி, தமக்கையின் கலியாணத்துக்கென்று ஓர் அழகு நிலையத்திற் செயற்கை நகங்களை ஒட்டிக்கொண்டாள். கலியாணம் முடிந்தது. மறுநாட் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்ற அவசரத்தில், இரவோடிரவாக அவற்றைப் பெயர்த்தெடுத்தாள். பசையோடு அவளுடைய சொந்த நகத்தின் மேற்படையும் உரிந்து வந்துவிட்டது. பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நகம் கடதாசி போல் மெலிந்து, தொட்டாலே நொந்தது. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று கிழமைகளே இருந்தன. மூன்று மணி நேர வினாத்தாளுக்குப் பேனையை அழுத்திப் பிடிக்க இயலாமல், அப்பிள்ளை விரல்களிற் பஞ்சைச் சுற்றிக்கொண்டு எழுதினாள். அழகை விரும்பியது அவளுடைய பிழையன்று. தன் சொந்த நகமே போதும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லாமற் போனதே வருந்தத்தக்கது.

நகம் கெரற்றின் என்னும் புரதத்தாலானது. நம் தலைமயிரும் அதனாலேயே ஆனது. கைநகம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே வளரும். வேர் முதல் நுனி வரை ஒரு நகம் புதிதாக முளைத்து முடிய 6 மாதங்கள் வரை செல்லும். ஓரிரவின் அவசரத்தாற் கெட்டதைச் சீராக்க அரையாண்டு காத்திருக்க நேர்வது இதனாலேயே.

முதலில் ஒழுங்கு, பின்னரே வண்ணம்

குறுநகத்துக்கு அழகு தருவது வண்ணத்தினும் வடிவமே. பத்து நகங்களும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். ஒன்று முறிந்துவிட்டால் ஏனைய ஒன்பதையும் அதன் அளவுக்குக் குறைத்துவிடுதல் நன்று. விரல் குட்டையானவர்கள் நகநுனியை முட்டை வடிவாகத் தேய்த்தால் விரல் சற்று நீண்டு தோன்றும். நீண்ட விரலுடையோர் நுனியை நேராக விட்டு, இரு மூலைகளை மட்டும் மழுக்கிக்கொள்ளலாம். நகம் தேய்க்கும் அரத்தை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே திசையிற் செலுத்துக. வாள் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால் நகநுனி படைபடையாகப் பிரியும்.

விரல்களை நீரில் ஊறவைத்த பின்னரே நகத்தைச் சீராக்கவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். நீரில் ஊறிய நகம் பருத்து வளைந்திருக்கும். அந்நிலையிற் பூச்சிட்டால், நகம் உலர்ந்து சுருங்கும்போது பூச்சு விரைவிற் பெயர்ந்துவிடும். ஆதலால், உலர்ந்த நகத்திலேயே தேய்த்தலும் பூசுதலும் செய்தல் நலம்.

நகத்தின் அடியிலுள்ள மெல்லிய தோலை வெட்டி எறிவது இன்னொரு தவறான வழக்கம். அத்தோல் வெளிக்கிருமி உள்ளே புகாமற் காக்கும் கதவு. அதனை வெட்டினால் நகச்சுற்று வர இடமுண்டு. குளித்த பின் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவி, மெல்லிய துணியால் தோலைச் சற்றே பின்னோக்கித் தள்ளிவிட்டாற் போதும். நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலிற் செருகுவது நம் பாட்டிமாரின் கைவைத்தியம். சீழ் கண்டுவிட்டால் அதனை நம்பியிராது வைத்தியரை நாடுக.

குறுநகத்துக்கேற்ற கோலங்கள்

முதலாவது, மேனியின் நிறத்தையொட்டிய வண்ணம். நகத்துக்கும் விரலுக்கும் இடையே நிறவேற்றுமை குறைந்தால் விரல் முழுவதும் ஒரே கோடாக நீண்டு தோன்றும். மேல்நாட்டார் வெளிர்மேனிக்கென்று ஆக்கிய நிறம் நம்மவர் கையிற் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் காட்டுவதுண்டு. நமக்கு ஏற்றவை பால்தேநீர், இலவங்கப்பட்டை, செம்மண் முதலிய நிறங்கள். பிரித்தானிய அரசியார் இரண்டாம் எலிசபெத் குறுகத் திருத்திய நகங்களில் வெளிர் ரோஜா நிறப் பூச்சையே பல்லாண்டு அணிந்து வந்தார். அரசியாரின் கைக்கே குறுநகம் போதுமாயிருந்தது!

இரண்டாவது, ஆழ்ந்த நிறம். நாவற்பழம், மாதுளை, கருஞ்சிவப்பு ஆகியவை நீண்ட நகத்திற் சற்று மிரட்சியாகத் தோன்றுவதுண்டு. குறுநகத்திலோ அவை மணிகள் போற் கச்சிதமாக அமையும். பாரிசிலே சனெல் நிறுவனம் 1994 ஆம் ஆண்டில் ஏறக்குறையக் கருமையான செந்நிறப் பூச்சொன்றை அறிமுகஞ் செய்தபோது அதற்குப் பெருங் கிராக்கி உண்டாயிற்று. இத்தகைய நிறத்தைப் பூசும்போது நகத்தின் இரு பக்கங்களிலும் மயிரிழையளவு இடம் விடுக. நகம் ஒடுங்கி நீண்டதாகக் காட்சி தரும்.

மூன்றாவது, பிறைநகம். நகத்தின் அடியிலே வெண்பிறை போன்று தோன்றும் பகுதியைப் பூசாது விட்டு, எஞ்சிய பகுதிக்கு மட்டும் வண்ணமிடுவது 1920களிலும் 1930களிலும் மேல்நாட்டு நாகரிகமாக விளங்கியது. பயிற்சித் தாளின் துளைகளுக்கு ஒட்டும் சிறு வட்ட வளையத்தை அடிநகத்தில் ஒட்டிப் பூசினால் பிறை பிசகாது அமையும். பூச்சு முற்றாக உலருமுன் வளையத்தை மெல்ல நீக்குதல் வேண்டும்.

நான்காவது, நுனிக்கோடு. நகநுனியில் வெள்ளைக் கரையிடும் இவ்வழக்கத்தைப் பிரெஞ்சு முறை என்பர். ஆனால் அப்பெயரில் அதனைப் பரப்பியவர் 1970களில் அமெரிக்காவில் ஓர்லி நிறுவனத்தை ஆரம்பித்த ஜெப் பிங்க் என்பவர். குறுநகத்துக்குப் பட்டையான கரை ஆகாது. 1 மில்லிமீற்றர் கோடே போதும். வெள்ளைக்குப் பதிலாகப் பொன்னிறமோ மயிற்பச்சையோ இட்டால் சேலைக் கரையை நினைவூட்டும்.

ஐந்தாவது, புள்ளி. கோலமிடத் தெரிந்த கைக்கு இது மிக எளிது. தென்னை ஈர்க்கின் நுனியைப் பூச்சில் தோய்த்து, அடிநகத்தின் நடுவே ஒரே புள்ளி வைத்துப் பாருங்கள். மூன்று புள்ளி வைத்தால் மொட்டு. ஐந்து வைத்தாற் பூ. பத்து நகங்களிலும் சித்திரம் எழுதினால் கண் கூசும். ஒவ்வொரு கையிலும் மோதிரவிரல் ஒன்றுக்கு மட்டும் கோலமிட்டு, மற்றவற்றைத் தனி நிறமாக விடுதலே நயம்.

எவ்வகையாயினும், தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய இரு பூச்சே நிலைக்கும். நிறத்தின் கீழே நிறமற்ற அடிப்பூச்சு ஒன்றிட்டால் நகம் மஞ்சளாகாது.

கியூடெக்சும் மருதோன்றியும்

நம் நாட்டிலே எந்த நகப்பூச்சையும் "கியூடெக்ஸ்" என்றே அழைக்கின்றோம். அது அமெரிக்காவில் 1911 ஆம் ஆண்டு தோன்றிய ஒரு வணிகப் பெயர். முதலில் நகத்தோலை மென்மையாக்கும் திரவத்துக்கே அது வழங்கியது. இக்கால நகப்பூச்சோ நைத்திரோசெலுலோசு என்னும் பொருளைக் கரைத்து ஆக்கப்படுவது. அதுவும் அதனை நீக்கும் அசற்றோனும் எளிதிற் தீப்பற்றக் கூடியவை. அடுப்பருகிலும் குத்துவிளக்கின் முன்னும் இருந்து நகம் பூசுதல் ஆகாது என்பதைத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லி வைத்தல் வேண்டும்.

விளக்கின் கீழ்க் காயவைக்கும் ஜெல் பூச்சு இந்நாளிற் பெருவழக்காயுள்ளது. அவ்விளக்கு ஊதாக் கடந்த கதிரை வீசுவது. ஆகவே, கையில் வெயிற்காப்புக் களிம்பு பூசிக்கொள்ளுமாறு தோல் மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். அப்பூச்சை இறுகச் செய்யும் டிபிஓ என்ற இரசாயனத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் 1 ஆந் திகதி முதல் அழகுப் பொருள்களிற் பயன்படுத்தாது தடைசெய்துள்ளது. ஜெல் இடுவோர் அதனை ஒருபோதும் உரித்தெடுக்கலாகாது. முறைப்படி ஊறவைத்தே அகற்றவேண்டும்.

இவை எவையும் வேண்டாதார்க்கு மருதோன்றி இருக்கின்றது. பழைய எகிப்தியரும் அதனால் நகத்துக்குச் செம்மையூட்டினர். அதன் இலையிலுள்ள சாயம் நகத்தின் கெரற்றினோடு பிணைந்துவிடுவதால், நகம் வளர்ந்து வெட்டப்படும்வரை நிறம் அகலாது. நம் முற்றங்களிற் பூக்கும் காசித்தும்பையைக் கொரிய நாட்டுப் பெண்கள் அரைத்து நகத்திற் கட்டிச் சிவப்பேற்றுவர். முதற்பனி பெய்யும்வரை அச்சிவப்பு நிலைத்தால் முதற்காதல் கைகூடும் என்பது அவர்தம் நம்பிக்கை. நகஞ் சிவந்த கன்னியின் கனவு எந்நாட்டிலும் ஒன்றே போலும்! ஆனால் கறுப்பு மருதோன்றி என்று விற்கப்படுவதை விலக்குக. அதிற் சேரும் தலைமயிர்ச் சாயம் தோலைப் புண்ணாக்கக்கூடும்.

பாடசாலை நாட்களில் நகப்பூச்சு வேண்டாமென்ற விதியை நாம் மறுக்கவில்லை. அதற்குத் தவணை விடுமுறை இருக்கின்றது. கலியாண வீடும் கோயிற்றிருவிழாவும் இருக்கின்றன. மற்றைய நாட்களில் ஒழுங்காக வெட்டி, மென்றுணியால் தேய்த்து மினுக்கிய நகமே போதிய அணி. இதனை ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே கூறுகின்றோம். அழுக்கு நகத்துக்கு ஆண் பெண் என்ற பேதமில்லை.

நகம் கடிக்கும் பழக்கமுள்ள பிள்ளையை ஏசித் திருத்துவது கடினம். விடுமுறைநாளில் அவளை அருகிருத்தி, அந்தக் கடியுண்ட நகங்களை ஒழுங்காக்கி, மென்னிறம் ஒன்று பூசிவிட்டுப் பாருங்கள். தான் அழகென்று கண்டதைக் கடித்துக் குதற எவருக்கும் எளிதில் மனம் வராது.

ஆதலால் தாய்மாரே, இந்த ஞாயிறு பிற்பகல் சமையல் ஒதுக்கிய பின் உங்கள் மகளின் கையை மடியில் எடுத்து வையுங்கள். அவளுடைய நகத்தை நீங்கள் திருத்துங்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த உங்கள் நகத்துக்கு அவள் வண்ணம் தீட்டட்டும். உழைத்த கையும் அழகிய கையே என்பதைப் பத்து வகுப்புகளிற் போதிப்பதைக் காட்டிலும் அந்த அரைமணி நேரம் அவளுக்கு நன்கு உணர்த்திவிடும்.