மூன்று பசுக்களும் ஒரு பால் கணக்கும்

1904ஆம் ஆண்டு, அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் ஊருக்கு மூன்று பசுக்கள் வந்து சேர்ந்தன. தங்கம் தேடிப் போனவர்கள் எழுப்பிய ஊர் அது. நோம் என்னும் கடற்கரை ஊரிலிருந்து அவற்றைக் கொண்டுவந்தவர் சார்லஸ் ஹிங்க்லி.

தங்கத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு வியப்பு அந்த மாடுகள்தான். பூஜ்யத்திற்குக் கீழே 40 பாகைக்கும் இறங்கும் குளிர். அதிலும் மாட்டுக்கு உறையாத தண்ணீர் வேண்டும். காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். வெயில் மறைய மனமில்லாத குறுகிய கோடையில் அறுத்துச் சேர்த்த புல்லை வைத்தே நீண்ட குளிர்காலத்தை ஓட்ட வேண்டும். தங்கம் தோண்டியவன் சலித்துப்போனால் மண்வெட்டியை வீசிவிட்டுக் கிளம்பலாம். பால்காரனால் முடியுமா?

1928இல் சார்லஸ் கிரீமர் என்பவர் பண்ணையை வாங்கினார். (பெயரே கிரீமர்! நான் கட்டிவிட்ட கதை அல்ல.) 1966இல் பண்ணை மூடப்பட்டது. அந்த வயல்களில் வசந்தத்தில் வந்திறங்கும் காட்டு வாத்துகளைப் பார்த்துப் பழகிய ஊர் மக்கள், நிலத்தைக் காக்கப் பணம் திரட்டினார்கள். இன்று அது பறவைகளின் புகலிடம். பழைய மாட்டுக்கொட்டகையும் நிற்கிறது.

என் தாத்தாவும் பால்காரர்தான். தோட்டத்தில் பால்வெட்டு முடிந்த பிறகு ஐந்து மாடுகளைப் பார்த்துக்கொண்டார். தமிழ்ப்பள்ளியில் அது யாருக்கும் புதினமாகத் தெரியவில்லை. இடைநிலைப்பள்ளியில் ஒருவன் 'பாவ் லெம்பு' என்று மூக்கைப் பிடித்தான். அதன்பின் ஐந்து வருடம் தாத்தா 'தோட்டத்தில் வேலை செய்தார்' என்றே சொல்லிவந்தேன். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

அலாஸ்காக்காரர்களுக்குக் காப்பாற்ற நிலம் இருந்தது என்பீர்கள். சரிதான். தாத்தாவின் கொட்டாய் நின்றது தோட்ட நிலத்தில். தோட்டம் விற்கப்பட்டபோது மாடுகளும் விலைபோயின, கொட்டாயும் போயிற்று. அதனால்தான் சொல்கிறேன், நமக்கு மிஞ்சியது காகிதம் மட்டுமே. வரலாறு என்றால் சங்கத் தலைவர்களும் திறப்புவிழாக்களும் என்று நம் மலர்கள் இன்னும் எத்தனை ஆண்டு நினைத்துக்கொண்டிருக்கும்?

தாத்தாவின் பால் கணக்கு நோட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. எந்த வீட்டுக்கு எத்தனை போத்தல், யார் பாக்கி, எந்த மாடு எப்போது கன்று போட்டது, எல்லாம் பென்சிலில். வீடு மாறும்போது அப்பா அதைப் பழைய பேப்பரோடு கட்டிவிட்டார், நான்தான் பிரித்தெடுத்தேன். முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் கட்டுவதற்கு முன் படமெடுத்து அனுப்புங்கள். அடுத்த மலரில் இரண்டு பக்கம் கேட்டிருக்கிறேன்.