சாவியைக் கொடுத்தால் முடிந்ததா?

போன வாரம் கடற்கரையில், காந்தி சிலைக்கு எதிரே வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு வாக்குவாதம். நண்பர் ஒருவர், நல்ல மனிதர், ஓய்வு பெற்ற பொறியாளர், சொன்னார்: “இவங்களுக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்ததே தப்பு சார். எதைக் கொடுத்தாலும் ரெண்டு வருஷத்துல பாழாக்கிடுவாங்க.” கூட இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு, கோபப்படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் கோபப்பட்டுவிட்டேன். அங்கே சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் தினக்கூலியாகப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் அவருக்கு வீடு கிடைத்தது. கிடைத்த அன்று அலுவலகம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். இந்தக் கோடையில் அங்கே தண்ணீர் மோட்டார் பழுதாகி, பதினொரு நாள் மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. வீட்டுக்கு ஐம்பது ரூபாய் போட்டால் சரிசெய்துவிடலாம். யார் வசூலிப்பது? கீழ்த்தளத்துக்காரர்களுக்குத் தெருக் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது, அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? அதிகாரிக்கு மனு கொடுத்தால், “வீட்டை ஒப்படைச்சாச்சு, இனி உங்க பொறுப்பு” என்றார்களாம். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில், பல்பு எரியாத படிக்கட்டில், இடுப்பில் குடத்தோடு ஏறிய அந்த அம்மாள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார்.

பார்க்கப் போனேன். “ஒண்ணும் இல்ல சார், கால் வழுக்கிடிச்சு” என்றார். கால் வழுக்கவில்லை. அந்தக் கட்டிடத்துக்கு ஆள் இல்லை, அதுதான் நடந்தது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கட்டிடம் இல்லை, இன்னொன்று. முப்பது வருடத்துக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் அதன் கோப்பு என் மேசைக்கு வந்தது. பராமரிப்பாளர் பணியிடம் ஒன்று கேட்டிருந்தார்கள். மேலே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். “பயனாளிகளே பராமரித்துக்கொள்வர் என்பதால் பணியிடம் தேவையில்லை” என்று குறிப்பு எழுதி வைத்தேன். கையெழுத்து ஆகி வந்துவிட்டது. நல்ல குறிப்பு என்று பாராட்டும் கிடைத்தது. அந்த வரியை எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

என் தங்கை பாரீசுக்கு வெளியே இருக்கிறாள். நம் பொந்திச்சேரிக் குடும்பங்களில் பாதிக்கு அங்கே யாராவது இருப்பார்கள். ‘ஆஷ் எல் எம்’ என்று சொல்லும் குறைந்த வாடகைக் குடியிருப்பு அவளுடையது. நான் போனபோது என்னை முதலில் விசாரித்தது அந்தக் கட்டிடத்துக் ‘கார்தியேன்’. கீழ்த்தளத்தில் சின்ன அறை, அதிலேயே அவருக்குக் குடித்தனமும். குப்பைத் தொட்டிகளை வெளியே தள்ளுவார், தபால் பொட்டலம் வாங்கி வைப்பார், பல்பு மாற்றுவார், லிப்ட் நின்றால் கம்பெனிக்குப் போன் செய்வார். இதெல்லாம் சம்பளத்துக்கு உள்ள வேலை. அதற்கு மேல் ஒன்று செய்வார்: ஐந்தாம் மாடிக் கிழவியின் சன்னல் காலை பத்து மணிக்குத் திறக்காவிட்டால் போய்க் கதவைத் தட்டுவார். நூறு வீடும் அதற்கு மேலும் உள்ள இத்தகைய கட்டிடங்களில், பெரிய ஊர்களிலும் சிக்கலான பகுதிகளிலும், நூறு வீட்டுக்கு ஓர் ஆளாவது பார்த்துக்கொள்ள இருக்க வேண்டும் என்று அங்கே 2001இல் அரசாணையே போட்டார்கள்.

பிரான்சில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. லா கூர்நேவ் என்ற இடத்தில் கட்டிய பெரிய பெரிய அடுக்குமாடிகளை 1986இலிருந்து ஒவ்வொன்றாக இடித்தார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ப்ரூயிட்-ஐகோ என்று முப்பத்துமூன்று கட்டிடங்கள், ஒவ்வொன்றும் பதினொரு மாடி. ஐம்பதுகளில் கட்டியதை 1972இல் வெடிவைத்து இடிக்க ஆரம்பித்தார்கள். பராமரிப்பை ஏழைகளின் வாடகைப் பணத்திலிருந்தே செய்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆட்கள் காலி செய்யச் செய்ய வாடகை குறைந்தது, வாடகை குறையப் பழுது கூடியது, பழுது கூட இன்னும் ஆட்கள் போனார்கள். அங்கேயும் கடற்கரை நண்பர்கள் இருந்திருப்பார்கள், “இவங்களே பாழாக்கிட்டாங்க” என்று சொல்ல.

இது புதிய யோசனையும் இல்லை. லண்டனில் ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி 1865இல் மூன்று பாழடைந்த வீடுகளை நிர்வகிக்க எடுத்துக்கொண்டார். பணம் போட்டவர் ஜான் ரஸ்கின், காந்தியை மாற்றிய புத்தகத்தை எழுதியவர். அந்த அம்மையார் வாரா வாரம் வாடகை வாங்க நேரில் போவார். போகிற சாக்கில் ஒழுகுகிற கூரையையும் நோயாளிக் குழந்தையையும் பார்த்துவிடுவார். ரிப்பேருக்கு ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்குவார். உடைசல் குறைந்து அதில் மிச்சம் ஆனால், குடியிருப்பவர்கள் கேட்கிற வசதியை அந்தப் பணத்தில் செய்து தருவார். வேலை இல்லாதவனுக்கு அதே கட்டிடத்தில் ரிப்பேர் வேலை கொடுப்பார். வாடகை பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்லவும் தயங்கமாட்டார். அந்தக் கறார் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மிச்சப்பட்ட பணம் நமக்கே திரும்பும் என்றால், குழாயை யார் உடைப்பார்கள்?

“ஆளுக்குச் சம்பளம் யார் தருவது?” என்று கேட்பீர்கள். மாதம் பதினைந்தாயிரம் என்று வையுங்கள். நூறு வீட்டுக்கு வகுத்தால் வீட்டுக்கு நூற்றைம்பது. பாதியை அரசு போடட்டும். தமிழ்நாட்டில் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்று ஒரு திட்டம் வைத்து, குடியிருப்போர் சங்கம் வசூலிக்கிற பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் பணம் தரும் என்றார்கள். அது சரியான வழிதான். ஆனால் பணம் மட்டும் மாடிப்படி ஏறாது. மோட்டார் நின்ற அன்றே கோப்பு இல்லாமல் இரண்டாயிரம் ரூபாய் செலவு செய்யும் அதிகாரமும் அங்கேயே குடியிருக்கிற ஓர் ஆளுக்கு வேண்டும்.

அந்த ஆள் கட்சிக்காரராகிவிடுவார், மாமூல் வாங்குவார் என்கிறீர்களா? வாங்கலாம். முப்பத்துநாலு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு அது தெரியாதா? அதற்குத்தான் குடியிருப்பவர்களின் குழு, அதில் பாதிப் பேர் பெண்கள். மாதா மாதம் கணக்கில் அவர்கள் கையெழுத்து இல்லாமல் அவருக்குச் சம்பளம் கிடையாது என்று விதி எழுத எனக்குத் தெரியும். எத்தனை விதி எழுதியிருக்கிறேன்!

இன்னொன்றும் கோபமாக வருகிறது. இருபது வருடம் ஒரே சந்தில் இருந்தவர்களைக் குலுக்கல் போட்டு நாலு பிளாக்குக்குச் சிதறடிக்கிறோம். சந்தில் அந்த அம்மாளுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீர் எடுத்துத் தருவான். குலுக்கலில் அவனுக்கு விழுந்தது வேறு பிளாக். மூன்றாம் மாடியில் எதிர்வீட்டுக்காரர் பெயரே இவருக்குத் தெரியாது. குலுக்கல் நியாயமானது என்பார்கள். தெருவைத் தெருவாகவே ஒரு பிளாக்கில் வைத்துவிட்டு, எந்த மாடி என்பதற்கு மட்டும் குலுக்குங்களேன். முதியவர்களுக்குக் கீழ்த்தளத்தைக் கொடுத்துவிட்டு.

அந்த அம்மாள் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். மறுபடி மூன்று மாடி ஏறமுடியுமா என்பது சந்தேகம். கீழ்த்தளத்துக்கு வீடு மாற்றக் கேட்டும், அந்தப் பிளாக்குக்குப் பராமரிப்பாளர் வேண்டும் என்றும் மனு எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கையெழுத்துப் போட ஆட்கள் வேண்டும். கடற்கரையில் தலையாட்டிய நாலு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை மாலை பேனாவோடு வருகிறேன்.