கென்யாவில் மார்க்கெட் இருக்காம்ல!

"சார், ஆப்பிரிக்கா பெரிய மார்க்கெட். கென்யா அதுக்கு வாசல். உள்ளே நுழைஞ்சுட்டாப் போதும்." மருத்துவ உபகரண வியாபாரிகள் கூடுகிற கருத்தரங்குகளில் கோட்டு போட்ட யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிட்டே இருப்பார். அஞ்சு கோடிக்கு மேல ஜனத்தொகை, ஆஸ்பத்திரியில கருவிப் பற்றாக்குறை... ஆகவே வித்துத் தள்ளுங்க மக்களே!

அப்படி வித்துத் தள்ளின கதை ஏற்கெனவே ஒண்ணு இருக்குங்க. அதைப் பத்தி மட்டும் கோட்டு சார் வாயே திறக்க மாட்டார்.

கென்யாவில் 2010-ல் வந்த அரசியல் சட்டப்படி, 2013-லிருந்து பெரும்பாலான அரசு ஆஸ்பத்திரிகள் 47 கவுன்டி அரசுகளின் பொறுப்பு. (நம்ம மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கோங்க, ஆனா தனி ஆளுநர், தனி பட்ஜெட் உண்டு.) 2015-ல் மத்திய அரசு என்ன பண்ணுச்சு? 98 ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் சாமான்களை ஏழு வருஷக் குத்தகைக்கு எடுத்தது. சப்ளை பண்ணினது ஜி.இ., பிலிப்ஸ், சீனாவின் மைண்ட்ரே மாதிரி பெரிய தலைகள். மொத்தம் சுமார் 3,800 கோடி ஷில்லிங். கவுன்டிக்கு வருஷம் 9.5 கோடின்னு ஆரம்பிச்சு, பின்னாடி 20 கோடி ஆச்சு. கவுன்டி கைக்குப் பணம் போறதுக்கு முன்னாடியே எடுத்துக்கிட்டாங்க. தலைநகர் நைரோபிக்கும் அதே தொகை, கடலோரத்துல இருக்கிற குட்டி லாமுவுக்கும் அதே தொகை. என்ன கணக்கோ!

மெஷின் வந்து இறங்கிடுச்சு. அப்புறம்?

ஒரு தடவை டயாலிசிஸ் பண்ண நூறு லிட்டருக்கு மேல சுத்திகரிச்ச தண்ணி வேணும். நாலு மணி நேரம் கரண்ட் போகக்கூடாது. பயிற்சி பெற்ற நர்ஸ் வேணும். இது எதுவும் பெட்டிக்குள்ள பேக் பண்ணி வராது. கென்ய செனட் ஒரு தனிக் குழு போட்டு விசாரிச்சு 2020-ல் அறிக்கை கொடுத்தது. பல இடங்களில் சாமான்கள் சும்மா கிடக்குது, கவுன்டிகளை ஒழுங்காக் கலந்து பேசவே இல்லைன்னு அதில் வெளியே வந்தது. குத்தகைப் பணம் மட்டும் நிக்கவே இல்லை!

நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான். அந்த ஒப்பந்தத்தில் பராமரிப்பு உண்டு, பயிற்சி உண்டு, எல்லாம் உண்டு. நோயாளி மட்டும் இல்லை. படுக்கையில ஆள் படுத்தாலும் காசு, படுக்காட்டாலும் காசு. இதுக்குப் பேரு சந்தையா? பக்கத்து வீட்டுக்காரன் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்கிற சீட்டுங்க இது.

"நாங்க விக்கிறவங்க. கரண்ட், தண்ணி எங்க வேலை இல்லை"ன்னு கம்பெனிக்காரங்க சொல்வாங்க. சரிங்க. அப்போ இடத்தைப் போய்ப் பார்த்துட்டு "இங்க வேணாம்"னு சொல்ற தைரியம் எங்கே போச்சு? வீட்டுக்கு ஏசி மாட்ட வர்ற பையன்கூட முதல்ல வயரிங்கைப் பார்க்கிறான்.

ஒழுங்கா யோசிச்சவங்களும் அங்கேயே இருக்காங்க. ஹெவாடெலேன்னு ஒரு கென்ய நிறுவனம். ஸ்வாஹிலியில 'ஏராளமான காற்று'ன்னு அர்த்தம். 2014-ல் ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஆக்ஸிஜன் தயாரிச்சு, பால்காரர் மாதிரி ரூட் போட்டு சுத்துவட்டார ஆஸ்பத்திரிகளுக்கு சிலிண்டர் கொடுத்துட்டுக் காலியை எடுத்துட்டு வர்றது. நிமோனியாவுல மூச்சு முட்டுற குழந்தைக்கு அடுத்த பத்து நிமிஷத்துல வேண்டியது ஆக்ஸிஜன்தானே? கடலோர கிலிஃபியில ரெவைடல்னு ஒரு கம்பெனி ஊசி சிரிஞ்சே தயாரிக்குது. கோட்டு சாரோட ஸ்லைடுல இதெல்லாம் வராது. சிரிஞ்சுல கமிஷன் கம்மி பாருங்க :-)

இப்போ அந்தக் குத்தகை முடிஞ்சு, 'ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு'ன்னு கட்டணம் கொடுக்கிற முறைக்கு மாறுறாங்க. மெஷின் தூங்கினா கம்பெனிக்கும் காசு இல்லை. யோசனை நல்ல யோசனைதான். ஆனா அந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியது, 2024 அக்டோபரில் பழைய இன்சூரன்ஸைக் கலைச்சுட்டு வந்த புது அமைப்பு. இன்னொரு பக்கம், அரசு மருந்து சப்ளை நிறுவனமான கெம்சாவுக்குக் கவுன்டிகள் வச்ச பாக்கியே பல நூறு கோடி ஷில்லிங். பில் பாஸாகத் தாமதமானா பெரிய கம்பெனி தாக்குப் பிடிச்சிடும். கையுறையும் பஞ்சும் சப்ளை பண்ற சின்ன ஆளு கடையைச் சாத்திட்டுப் போவார். அப்புறம் ஆபரேஷனுக்கு வந்தவர்கிட்ட, "வெளியில போய் கிளவுஸ் வாங்கிட்டு வாங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுப்பாங்க.