ஊசி போடுறவங்களுக்கு யாரு ஊசி போடுறது?

போன ஐப்பசி அடைமழையில நம்ம ஹாஸ்டலே இருமிக்கிட்டு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? அந்த வாரம்தான் அப்பத்தாவை பிரஷர் மாத்திரைக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரஷர் பார்த்த நர்ஸ் அக்காவுக்கே சரியான சளி.

"லீவு போடலையாக்கா?"

"ஆள் இல்ல தம்பி."

"ஃப்ளூ ஊசி போட்டீங்களா?"

சிரித்தார். "நாங்க பார்க்காத காய்ச்சலா?"

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமா இருக்கு. ஃப்ளூ, அறிகுறி தெரியறதுக்கு ஒருநாள் முன்னாடியே அடுத்தவருக்குப் பரவும். அதனால லீவு போட்டாலும் முழுசாத் தடுக்க முடியாது. நமக்கு நாலு நாள் காய்ச்சல். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அது நிமோனியாவாகலாம். தன் கையைப் பிடிச்சுப் பார்க்கிறவர் ஊசி போட்டவரா என்று நோயாளி தேர்ந்தெடுக்க முடியுமா?

'போட்டா காய்ச்சல் வரும்' என்பார்கள். வழக்கமான ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். அதனால் ஃப்ளூ வராது. ஓரிரு நாள் கைவலி, லேசான உடம்புச்சூடு இருக்கலாம். நூறு சதவீதப் பாதுகாப்பு இல்லை என்பதும் உண்மை. வைரஸ் மாறிக்கிட்டே இருப்பதால் வருஷா வருஷம் போடணும். போனுக்கு அப்டேட் போடுற நமக்கு இது புரியாதா?

படித்தவர்களுக்கும் தயக்கம் வரும். 2021 ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதலில் வந்தது. தமிழ்நாட்டில் முதல் நாள் இலக்கில் கால்வாசிகூட எட்டவில்லை. அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர், தானும் ஒரு டாக்டர் என்பதால், ஜனவரி 22-ல் தானே போட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

ஆனா எல்லாப் பழியையும் அந்த அக்கா மேல போடாதீங்க. சுகாதாரப் பணியாளர்கள் இதைப் போடணும்னு மத்திய அரசே பரிந்துரைக்குது. ஆனா காசு? தனியாரில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் எங்கே போவார்?

அமெரிக்காவின் சியாட்டிலில் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005-ல் இதைக் கட்டாயமாக்கியது. முதல் வருஷமே 97 சதவீதத்துக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். நம்மூரில் எடுத்ததுமே கட்டாயம் வேண்டாம். மழைக்கு முன்னாடி, இலவசமா, நைட் ஷிஃப்ட்டுலயும் வார்டுக்கே ஊசியைக் கொண்டுவாங்க. காய்ச்சல்னா சம்பளத்தோட லீவு கொடுங்க. அப்புறமும் மறுத்தால் காரணம் கேளுங்க.

பஸ்ஸில் வரும்போது அப்பத்தா கேட்டது: "ஊருக்கே ஊசி குத்துற அந்தப் புள்ளைக்கு யாருய்யா குத்துவா?"

பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரி நிர்வாகங்கள்தான்.